ஒத்துக்காரன் கேக்குற கணக்கு

வாடா பேராண்டி, உக்காரு. ஏர்ப்பேட்டுல ஐஐடி படிப்பு படிச்சுட்டு லீவுக்கு நகரி வந்தவன், செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டியே! "தாத்தா, ஸ்தாயியை எத்தனை சமபாகமா வெட்டினா நல்லதுன்னு ஜீட்டாங்கற கணக்கு சொல்லிடும்"னு. எனக்குச் சிரிப்பு தாங்கல. சமபாகமாம்! சித்தூர் ஜில்லாக்காரன் வாயிலருந்து வர்ற வார்த்தையாடா அது? 1911-ல வடாற்காட்டுலருந்து கொஞ்சம், கடப்பாவுலருந்து கொஞ்சம் புடுங்கி இந்த ஜில்லாவைப் பண்ணாங்க. 1960-ல திருத்தணியை மெட்ராஸ் பக்கம் தள்ளிட்டாங்க. 2022-ல திருப்பதி தனி ஜில்லா. புத்தூர் அந்தாண்ட போச்சு, நகரி இந்தாண்ட நின்னுச்சு. எந்தப் பிரிவினையிலயாவது ரெண்டு பக்கமும் சமமா வாங்கிக்கினு சிரிச்சுக்கினே போனாங்களா? ஸ்தாயி மட்டும் சிரிக்கும்னு உனக்கு எவன் சொன்னான்?

மொறைக்காத. நான் நாயனக்காரர் பக்கத்துல ஒத்து ஊதினவன். அவங்க விடிய விடிய ராகத்தை ஏத்தி இறக்குவாங்க, எனக்கு ஒரே ஒரு சட்ஜம்தான். அதுல இம்மி நகந்தா தவுல்காரர் திரும்பிப் பாப்பாரு. அந்தப் பார்வை போதும், மறுநாள் வரைக்கும் காது சுடும். ஆயுசு பூரா ஒரே சுரத்தை ஊதினவனுக்கு ஒண்ணு மட்டும் நல்லாத் தெரியும்: மத்தவன் எங்க சுதி வுடறான்னு. அந்த ஒரு யோக்கியதையை வெச்சுக்கினுதான் உன் ஜீட்டாவுக்கு வாய் குடுக்கறேன்.

மொதல்ல தாளத்தைப் பாரு. புங்கனூர்னா உனக்குக் குட்டைப் பசுமாடுதான் ஞாபகம் வரும். எங்களுக்குச் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை. 1898-ல அங்க பொறந்து, காஞ்சிபுரம் நாயனா பிள்ளைகிட்ட கத்துக்கினு, 1954-ல சங்கீத கலாநிதி வாங்கினவரு. மதுரை சோமுவுக்குக் குரு. அந்த வழியில பல்லவின்னாலே கணக்குதான். மூணு, நாலு, அஞ்சு, ஏழு, ஒம்பதுன்னு எந்த நடையில சுத்தினாலும் கடைசியில சமத்துல வந்து விழுந்தே ஆவணும். மூணு, நாலு, அஞ்சு, ஏழை ஒண்ணோட ஒண்ணு பெருக்கு, 420. அந்த எண்ணிக்கையில இந்த நாலு பேரும் ஒண்ணாக் கூடிடுவாங்க. கைதட்டு வாங்கிக்கினு வீட்டுக்குப் போலாம்.

சுரத்துக்கு அந்தக் குடுப்பினை இல்ல. சட்ஜத்துலருந்து பஞ்சமம், அந்தப் பஞ்சமத்துலருந்து இன்னொரு பஞ்சமம்னு பன்னெண்டு தரம் தாவு. ஏழு ஸ்தாயிக்கு மேல இருக்கற சட்ஜத்துல உக்காந்துடலாம்னு பாப்ப. முடியாது. ஸ்தாயின்னா ரெண்டால பெருக்கறது, பஞ்சமம்னா ஒண்ணரையால பெருக்கறது. மூணை எத்தனை தரம் பெருக்கினாலும் ஒத்தைப்படை, ரெண்டை எத்தனை தரம் பெருக்கினாலும் ரெட்டைப்படை. இந்த ரெண்டும் எந்த ஜென்மத்துலயும் சம்பந்தி ஆவாது. பன்னெண்டாவது தாவல்ல ஆயிரத்துக்குப் பதிமூணு, பதினாலு அதிகமா நிக்கும். கொஞ்சூண்டு மிச்சம்தான். ஆனா அதை எங்க ஒளிச்சு வெக்கறதுன்னுதான் ரெண்டாயிரம் வருசமா அடிதடி.

ஆர்மோனியக்காரன் அந்த மிச்சத்தைப் பன்னெண்டு கட்டைக்கும் சமமாப் பங்கு போட்டுக் குடுத்துட்டான். யாருக்கும் முழு நியாயம் இல்ல, யாருக்கும் பெரிய அநியாயமும் இல்ல. 1919-ல தாகூர் மதனப்பள்ளி தியாசாபிகல் காலேஜுக்கு வந்தப்போ, அங்கிருந்த மார்கரெட் கசின்ஸ் அம்மா ஜனகணமன மெட்டை மேல்நாட்டு முறையில கோடு போட்டு எழுதி வெச்சாங்க. அந்தம்மா அயர்லாந்துல சங்கீதம் படிச்சவங்க. கோட்டுல எழுதினா எதுவும் பன்னெண்டு கட்டைக்குள்ள வந்துடும், வராததும் வந்துட்ட மாதிரி தெரியும். 1940-ல ஆல் இந்தியா ரேடியோ அந்த ஆர்மோனியத்தையே வாசல்ல நிறுத்திட்டு முப்பது வருசம் உள்ள விடல. பன்னெண்டு கட்டை மேல அவ்வளவு ஆத்திரம்.

இப்போ 1859-ஐ ஞாபகம் வெச்சுக்கோ. ஆகஸ்ட் மாசம் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில ஆபிரகாம் பண்டிதர் பொறந்தாரு. அதே வருசம் நவம்பர்ல ஜெர்மனியில ரீமான், பகா எண் எத்தனை இருக்குன்னு எண்றதுக்கு ஒரு கட்டுரை போட்டாரு. பத்து பக்கம்கூட வராது. உன் ஜீட்டாவுக்கு இவ்வளவு பேரு வந்தது அதுலருந்துதான். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்ததில்ல. ஆனா இன்னிக்கு உன் லேப்டாப்புல ரெண்டு பேருக்கும் பஞ்சாயத்து.

பண்டிதர் தஞ்சாவூர்ல சித்த மருத்துவம் பாத்துக் கை நெறைய சம்பாரிச்சவரு. அந்தக் காசைக் கொண்டாந்து சங்கீதத்துல கொட்டினாரு பாரு, அங்கதான் மனுசன் நிக்கறாரு. 1912-லருந்து சொந்தச் செலவுல மாநாடு கூட்டினாரு. 1917-ல கருணாமிர்த சாகரம்னு ஆயிரம் பக்கத்துக்கு மேல ஒரு புத்தகம் போட்டாரு. அவர் கட்சி இதுதான்: ஸ்தாயியில சுருதி 22 இல்ல, 24. அதுவும் எல்லாம் ஒரே அளவு. சிலப்பதிகாரத்து வழியில குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2ன்னு கூட்டினா 22 தானே வருதுன்னு கேட்டா, முழு அலகு 24, அதுல ரெண்டைக் குறைச்சுப் பாடின முறைதான் 22ன்னு பதில் சொல்லுவாரு. பரத சாஸ்திரத்தை வெச்சுக்கினு 22ன்னு சாதிக்கறவங்க வடக்கேயும் தெக்கேயும் ஏராளம்.

1916-ல பரோடாவுல அகில இந்திய சங்கீத மாநாடு. பண்டிதர் தன் பொண்ணுங்களைக் கூட்டிக்கினு போயி, பாடிக் காட்ட வெச்சே வாதம் பண்ணாரு. எதிர்க்கட்சியில தேவலும் கிளெமென்ட்ஸும். 22 சுருதியும் வாசிக்கலாம்னு ஒரு ஆர்மோனியத்தையே செஞ்சவங்க. தேவல் ரிட்டையர்டு டெபுடி கலெக்டரு, கிளெமென்ட்ஸ் வெள்ளைக்கார ஜில்லா ஜட்ஜு. பாகப்பிரிவினைக்கு இதைவிடப் பொருத்தமான ஆளுங்க எங்க கெடைப்பாங்க? சண்டை தீரலை. தீந்திருந்தா நீ இப்போ என் எதிர்ல உக்காந்து இதைச் சொல்லிக்கினு இருக்க மாட்ட.

சரி, உன் ஜீட்டாவுக்கு வரேன். நீ சொன்னதைத் திருப்பிச் சொல்றேன், தப்பிருந்தா நிறுத்து. ஒண்ணு, ரெண்டுல ஒரு பங்கு, மூணுல ஒரு பங்குன்னு முடியாம கூட்டிக்கினே போறது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடுக்கு. அந்த அடுக்குல கற்பனை எண்ணைக் கலந்துட்டா ஒவ்வொரு எண்ணும் தன் தன் வேகத்துல சுத்த ஆரம்பிக்கும். அந்த வேகம் இன்னான்னா, அந்த எண்ணோட லாகரிதம். இந்தப் பக்கம் கம்பியைத் தட்டினா தானா எழும்புற சுரங்க இருக்கே, ரெண்டாவது மேல் சட்ஜம், மூணாவது அதுக்கு மேல பஞ்சமம், அஞ்சாவது அந்தர காந்தாரம், அதுங்க எவ்வளவு உசரத்துல நிக்குதுன்னு அளக்கறதும் அதே லாகரிதம். ரெண்டு வீட்டுலயும் ஒரே அளவுகோல். அதனாலதான் பகா எண்ணுக்குன்னு செஞ்ச சாவி சுதிப்பெட்டியையும் திறக்குது. அமெரிக்காக்காரர் ஜீன் வார்டு ஸ்மித் இதை 1970-கள்லயே கண்டுக்கினாரு.

அலிபிரியிலருந்து மலைக்கு 3550 படி ஏறியிருக்கியே, அதை வெச்சுச் சொல்றேன். காலி கோபுரம், முழங்கால் முறிச்சான் எல்லாம் அததுக்கான உசரத்துல ஏற்கனவே நிக்குது, நகத்த முடியாது. படி மட்டும் நீ வெட்டணும், எல்லாம் ஒரே உசரம். எத்தனை படி வெட்டினா ஒவ்வொரு கோபுர வாசலும் சரியா ஒரு படிமேல வந்து உக்காரும்? ஸ்தாயிக்குப் பன்னெண்டு படி வெட்டு. மூணாவது சுரம் 19.02-ல வருது, கிட்டத்தட்ட படிமேலயே நிக்குது. அஞ்சாவது 27.86-ல, படிக்குக் கொஞ்சம் கீழ தடுக்குது. ஏழாவது 33.69-ல, ரெண்டு படிக்கு நடுவுல அந்தரத்துல தொங்குது. ஜீட்டா இந்தக் கேள்வியை அத்தனை பகா எண்ணுக்கும் ஒரே மூச்சுல கேட்டு மார்க் போடுது. மூணுக்கு மார்க் அதிகம், அஞ்சுக்குக் கம்மி, ஏழுக்கு இன்னும் கம்மி. அந்தந்த எண்ணோட வர்க்கமூலத்தால வகுத்துக்கினே போவுது. காது மதிக்கற வரிசையும் ஏறக்குறைய அதுதான்.

ஸ்தாயியை எத்தனை பாகமாக்கறியோ அதை 9.06-ஆல பெருக்கினா, ஜீட்டாவோட அரைக் கோட்டுல, அதாவது அடுக்கோட மெய்ப்பகுதி அரையா நிக்கற கோட்டுல, எந்த உசரத்துல எட்டிப் பாக்கணும்னு வந்துடும். பன்னெண்டுக்கு 108.8. அங்க போய்ப் பாரு, நல்லா எழும்பி நிக்குது. அதுக்குக் கீழ 107.17-ல ஒரு பூச்சியம், மேல 111.03-ல ஒரு பூச்சியம். அந்த வட்டாரத்துல பூச்சியங்க சராசரியா ரெண்டே சொச்சம் இடைவெளியில நெருக்கிக்கினு கெடக்கறப்போ, இங்க மட்டும் நாலுக்குக் கிட்ட காலி மனை. அதுல நம்ம பன்னெண்டு வீடு கட்டிக்கினு சௌக்கியமா இருக்குது. இதைக் கேட்டப்போ உன்மேல எனக்கு மரியாதையே வந்துச்சு, பொய் சொல்லல. அந்தப் பூச்சியமெல்லாம் அந்தக் கோட்டை விட்டு நகராதுன்னு நிரூபிக்கறவனுக்கு 10 லட்சம் டாலர்னு கிளே இன்ஸ்டிட்யூட் 2000-லயே சொல்லி வெச்சிருக்குது. அதை விட்டுட்டு வித்வான்கிட்ட காந்தாரத்துக்கு வம்பு வளக்க வந்திருக்க பாரு, உன் அப்பன் புத்தி அப்படியே இருக்குது.

ஒண்ணு மறைக்காத. ஜீட்டாவோட கூட்டலையே பகா எண் ஒவ்வொண்ணுக்குமான பெருக்கலா மாத்தி எழுதற கதை, அரைக் கோட்டுல நேராச் செல்லாது, சுத்தி வளைச்சுத்தான் நியாயப்படுத்தணும்னு நீயேதான் சொன்ன. எழுதறப்போ அதைச் சின்ன எழுத்துல போட்டு ஒளிச்சு வெக்காத.

இனிமேதான் உன்னைப் பத்தி எனக்குப் பயம். மேல ஏற ஏற, முன்னாடி எல்லாத்தையும் விட ஜீட்டா உசரமா எழும்புற இடங்களை வரிசையா எழுதிக் காட்டினியே: 5, 7, 10, 12, 19, 22, 27, 31, 41, 53, 72. இந்த வரிசையை மட்டும் நம்ம ஊரு மேடைப் பேச்சாளன் எவன் கையிலயாவது குடுத்துப் பாரு. அஞ்சு சுரம் ஔடவம், ஏழு சுரம் சம்பூர்ணம், பன்னெண்டு சுரஸ்தானம், இருவத்திரெண்டு சுருதி, எழுவத்திரெண்டு மேளகர்த்தா! முன்னோருக்கு ஜீட்டா தெரியும்னு மைக்கைத் தட்டிடுவான். 27-க்கு நட்சத்திரம்பான். 1913-ல ராமானுஜன் ஹார்டிக்கு எழுதின கடுதாசியில ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு முடியாம கூட்டினா மைனஸ் பன்னெண்டுல ஒரு பங்குன்னு வரும், அதுவும் ஜீட்டா வழியில நியாயமான கணக்குதான். அந்தப் பன்னெண்டையும் இழுத்தாந்து வீணை மெட்டுமேல ஒட்டிடுவான். 19-ஐயும் 31-ஐயும் 41-ஐயும் இன்னாடா பண்ணுவன்னு கேட்டா டைம் ஆயிடுச்சுன்னு பொன்னாடையை மடிச்சுக்கினு எறங்கிடுவான்.

வேங்கடமகி எழுவத்திரெண்டுக்கு எப்படி வந்தாரு? ரிஷபமும் காந்தாரமும் சேர ஆறு வழி, தைவதமும் நிஷாதமும் சேர ஆறு வழி, மத்தியமம் ரெண்டு. ஆறாறு முப்பத்தாறு, ரெண்டால பெருக்கினா எழுவத்திரெண்டு. அது பன்னெண்டு ஸ்தானத்துலருந்து ஏழைப் பொறுக்கற கணக்கு. ஸ்தாயியை எழுவத்திரெண்டு துண்டா வெட்டற கணக்குக்கும் அதுக்கும் கொடுக்கல் வாங்கல் கெடையாது. நம்பர் ஒண்ணா இருக்குது, அவ்வளவுதான். இந்த வீட்டு நம்பர்கூட பன்னெண்டுதான், ரீமான் ஒருநாளும் இங்க வந்து காபி குடிச்சதில்ல.

வரிசையில 22 இருக்குது, 24 இல்ல. உடனே பண்டிதர் தோத்துட்டாருன்னு துள்ளின பாரு, அங்கதான் உன் காதைத் திருகணும்னு தோணுச்சு. பேனாவை எடு. ஒத்து 240 அதிர்வுல நிக்குதுன்னு வெச்சுக்கோ. தம்புரா தானாக் குடுக்கற அந்தர காந்தாரம் 300, பஞ்சமம் 360. ஆர்மோனியத்துல காந்தாரம் 302.4. பன்னெண்டையும் பாதி பாதியா வெட்டி 24 ஆக்கினா? அதே 302.4-தான். இருந்த படி அங்கேயேதான் இருக்கும், நடு நடுவுல புதுப் படி வரும், அந்தப் புதுப் படி எதுவும் காந்தாரத்துக்குப் பக்கத்துல வராது. அதனாலதான் ஜீட்டா 24-க்கு எழுந்திரிக்கல. சரி, 22 சமபாகம்? காந்தாரம் 299.2, ரொம்ப நல்லாவே இருக்குது. ஆனா பஞ்சமம் 361.5. டேய், தம்புராவுல பஞ்சமம் ஒண்ணரை அதிர்வு தப்பா நின்னா, நொடிக்கு ஒண்ணரை தரம் உவ்வா உவ்வான்னு அழும்டா! தவுல்காரர் குச்சியையே வீசிடுவாரு. ஏழாவது, பதினொண்ணாவது சுரத்துக்கெல்லாம் நல்ல எடம் குடுக்குதுன்னு ஜீட்டா 22-க்கு மார்க் போடுது. ஏழாவது சுரத்தை நம்ம பாட்டுல எவன் தேடிக்கினு போறான்?

இன்னொண்ணு. பரதர் சொன்ன 22 சமபாகம் கெடையாது. அந்தச் சுருதிங்க பெருசும் சிறுசுமா இருக்கும்னுதான் பெரும்பாலான சாஸ்திரக்காரங்க அர்த்தம் பண்ணிக்கினாங்க. ஜீட்டா எழும்புற 22 வேற, சாஸ்திரத்து 22 வேற. ஜீட்டாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டா 24-காரனுக்குப் பக்கத்துல நிக்காது, 22-காரனுக்குப் பக்கத்துலயும் முழுசா நிக்காது. பண்டிதர் தப்பா எண்ணலை. சமமா வெட்டணும், பஞ்சமம் கெடக்கூடாதுன்னு ரெண்டையும் ஒண்ணாக் கேட்டாரு. 24-ல பஞ்சமம் 359.6, குறை சொல்ல முடியாது. காந்தாரத்தைத்தான் பலி குடுத்தாரு. நான் அந்த மாநாட்டுல இருந்திருந்தா, வயித்துக்கு நல்ல மாத்திரை இருந்தா குடுங்க ஐயான்னு கேட்டுட்டு, ஒத்தை எடுத்து ஊதிக்கினு ஓரமா உக்காந்திருப்பேன்.

உன் ஜீட்டா சொல்ற இன்னொரு வில்லங்கத்தையும் கவனிச்சுக்கோ. பன்னெண்டு கிட்ட அதோட உச்சி சரியா 12-ல இல்ல, 12.02-ல இருக்குது. அதாவது, எல்லாச் சுரத்துக்கும் சராசரி நியாயம் கெடைக்கணும்னா ஸ்தாயியையே ஒரு நூலு குறுக்கிக்கோன்னு சொல்லுது. குறுக்கி வெச்சா மேல் சட்ஜம் கீழ் சட்ஜத்தோட சேந்து நிக்காது. 240-ல நிக்கற ஒத்தோட மூணு நொடிக்கு ரெண்டு அலை வரும். ஒத்துக்காரன்கிட்ட வந்து சட்ஜத்தைக் கொஞ்சம் விட்டுக் குடுன்னா, உன் ஜீட்டாவை விட்டுக் குடுடான்னுதான் சொல்லுவேன். சட்ஜம் பேரத்துக்கு இல்ல.

எல்லாத்துக்கும் மேல, ஜீட்டா சுரத்தை நிக்க வெச்சுத்தான் அளக்கும். நம்ம சுரம் எங்கடா நிக்குது? தோடி காந்தாரத்தை எடுத்துக்கோ. அதுக்குன்னு ஒரு புள்ளி குறிக்கச் சொன்னா எந்த நாயனக்காரரும் சிரிப்பாரு. ரிஷபத்துலருந்து கெளம்பி மத்தியமத்தைத் தொட்டுத் திரும்புற வழியெல்லாம் காந்தாரம்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் 1898-ல பொறந்தவருதான், அவர் தோடியைக் கேட்டுக் கெறங்காத ஆளு கெடையாது. அந்தக் காந்தாரத்தை 24-ல வெக்கறதா 53-ல வெக்கறதான்னு அவர்கிட்ட கேட்டிருந்தா, சீவாளியைக் கழட்டி உன் கையில குடுத்து, நீயே வெய்யுன்னு சொல்லியிருப்பாரு. நாலு ராகத்துல நாலு விதமா வர்ற ஒரே சுரஸ்தானத்துக்கு எந்தப் படியில மார்க் போடுவ? திருமலையில அன்னமாச்சாரியார் பாட்டெல்லாம் ரெண்டாயிரத்துக்கும் மேலான செப்பேட்டுல கெடைச்சுது. ஒவ்வொரு பாட்டுக்கும் தலையில ராகம் பேரு வெட்டியிருக்குது. சுரம் வெட்டலை, அலகு வெட்டலை. செம்புக்கா பஞ்சம்? பேரைச் சொன்னா பாடறவனுக்குத் தெரியும்னு விட்டாங்க. அப்புறம் பாடற ஆளு பரம்பரை அத்துப் போயி, ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா மாதிரி பெரியவங்க உக்காந்து புதுசா மெட்டுப் போட வேண்டியதாப் போச்சு. அதனால எழுதி வெக்கறது வீண்ணு நான் சொல்ல வரலை. அலகுக் கணக்கு இருந்திருந்தாலும் அந்த மெட்டு நமக்குத் திரும்பக் கெடைச்சிருக்காது, அவ்வளவுதான்.

சோர்ந்து போவாத. ஜீட்டாவும் சத்தமும் ஒண்ணு சேர்ற எடம் உனக்கு வேணும்னா, சுதிச் சண்டையை விட்டுட்டு விசாகப்பட்டணம் பக்கம் திரும்பு. திருச்சூர்ல பொறந்து மெட்ராஸ்ல படிச்சு வால்டேர்ல ஆந்திரா யூனிவர்சிட்டியில வாத்தியாரா இருந்த மீனாட்சிசுந்தரம்னு ஒருத்தர். 1949-ல ப்ளேயெல்னு ஸ்வீடன்காரரோட சேந்து ஒரு ஜீட்டா போட்டாரு, அது ரெண்டு பேரு பேர்லயும் இன்னிக்கும் நிக்குது. கம்பியைத் தட்டினா 1, 2, 3, 4ன்னு சுரம் வரும், அதுங்களை ரீமான் கூட்டின மாதிரி கூட்டினா ரீமானோட ஜீட்டா. வளைஞ்ச பரப்பு அதிர்ந்தா எழும்புற சுரங்களை அதே மாதிரி கூட்டினா நம்மாளு ஜீட்டா. அப்புறம் 1966-ல மார்க் காட்ஸ்னு ஒரு கணக்குக்காரர், மேளத்தோட சத்தத்தை மட்டும் கேட்டு அதோட வடிவத்தைச் சொல்ல முடியுமான்னு ஒரு கேள்வி போட்டாரு. 1992-ல பதில் வந்துச்சு: முடியாது, ரெண்டு வேற வேற வடிவத்துக்கு ஒரே சுரக்கூட்டம் வரலாம்னு. நம்ம சி.வி. ராமன் 1920-லயே, மிருதங்கத்து நடுவுல அப்புற கருப்புச் சாந்துதான் தோலோட கோணல் சுரங்களைக் கம்பிச் சுரம் மாதிரி வரிசைக்குக் கொண்டாருதுன்னு எழுதிட்டாரு. சமபாகம் கெடையாது, சண்டை கெடையாது, பொன்னாடையும் கெடையாது. ஆனா வேலை நெறைய மிச்சம் இருக்குது.

அதெல்லாம் வேணாம், ஸ்தாயியைத்தான் வெட்டுவேன்னா என் புத்திமதி இதுதான். பட்டம் சீக்கிரம் வேணும்னா 22ன்னு எழுது, வழிகாட்டிக்கும் பரிட்சைக்காரனுக்கும் அந்த நம்பர் பழக்கம். தஞ்சாவூர்ல மாலை விழணும்னா 24ன்னு பேசு, பண்டிதர் படத்தை மேடையில மறக்காம வை. இந்த ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெக்கணும்னு ஆசை இருந்தா 53-க்குப் போ. யாரும் கூப்பிட மாட்டாங்க, ஆனா கணக்கு சுத்தம். பஞ்சமம் 359.99, காந்தாரம் 299.8. ஒத்துக்காரனே வாயை மூடிக்குவான். சீனாவுல ஜிங் ஃபாங் கிறிஸ்துவுக்கு முன்னாடியே அம்பத்துமூணு பஞ்சமம் தாவினா ஏறக்குறைய சட்ஜத்துல உக்காரலாம்னு கண்டுபுடிச்சாரு. 1870-கள்ல இங்கிலாந்துல பொசன்கெட் அதுக்கு ஒரு ஆர்மோனியமே கட்டினாரு. அதை வாசிக்கறதுக்கு எத்தனை வெரல் வேணும்னு என்னைக் கேக்காத.

அம்பத்துமூணுக்குள்ள நம்ம 22 எப்படி அடங்குதுன்னு இப்பவே போட்டுப் பாரு. சாஸ்திரத்து 22-ல மூணு தினுசு சுருதின்னு இந்தக் காலத்துக் கணக்குக்காரங்க சொல்றாங்க. சின்னது பத்து, நடுத்தரம் அஞ்சு, பெருசு ஏழு. அம்பத்துமூணுல வெட்டின படிக்குச் சின்னது ஒரு படி, நடுத்தரம் மூணு படி, பெருசு நாலு படி. பத்து ஒண்ணு, அஞ்சு மூணு, ஏழு நாலு. கால்குலேட்டரை வை கீழ, விரல்ல எண்ணு.